வெண்டைக்காய்க்கு எத்தனை மீட்டர்?

பாம்புப் பெட்டி வேண்டுமென்று அடல்ஜீசாவின் பட்டறைக்குப் போகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தோல் கொண்டு வந்தியா?"

பிரேசிலின் கொன்டாஜெம் நகரில் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். பாம்பு கடைசியாக உரித்த தோலைக் கிழியாமல் எடுத்து, ரொட்டிப் பையில் சுருட்டிக் கொண்டுபோக வேண்டும். அடல்ஜீசா அதைத் தண்ணீர் தெளித்து மென்மையாக்கி, நான்கு மீட்டர் மேசையில் நீட்டிப் போடுவார். மேசை விளிம்பில் அளவுநாடா ஒட்டியிருக்கும். மூக்கு பூஜ்யத்தில், வால் எங்கே முடிகிறதோ அங்கே பென்சில் கோடு. பெட்டியின் உட்புற நீளம் அதற்கு ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையக் கூடாது. பேரம் எதில் வேண்டுமானாலும் பேசலாம், இதில் கிடையாது.

பாம்பையே கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரே பதில்: "தையல்காரன்தான் ஆளை அளப்பான். நான் சட்டையை அளக்குறவ."

பதினோரு ஆண்டுகளில் அறுபத்து நான்கு பெட்டிகள். அவர் பெட்டிக்குப் போன பாம்பு மூக்கை உரசாது, உணவை மறுக்காது என்று பாம்பு வளர்ப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. காரணம் கேட்டால் ஒருவர் மரம் என்பார், ஒருவர் சூடு பரவும் விதம் என்பார். அவர் கைராசி என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் அடல்ஜீசா செய்தது வேறு பெட்டி. பேக்கரி கவுண்டரில் கோஷீன்யா என்ற கோழிக்கறி உருண்டையும் மற்ற கறிப் பலகாரங்களும் சூடாக இருக்குமே, அந்தக் கண்ணாடிப் பெட்டி. வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. வீட்டுக் கார் கொட்டகையில் தனியாக வேலையைத் தொடங்கினார். முதல் வாரமே தபால்காரர் வால்டெமிர் ஒரு பழைய பலகாரப் பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தி, கதவுக்குப் பூட்டு வைத்துத் தரச் சொன்னார்.

"கோஷீன்யாவுக்கு எதுக்குய்யா பூட்டு?"

"கோஷீன்யா இல்ல தோனா. என் ஜிபோயா."

தோனா என்றால் அம்மா என்பதுபோல ஒரு மரியாதை. ஜிபோயா என்பது இங்கே பலர் வளர்க்கும் மலைப்பாம்பு வகை. விஷம் கிடையாது. உரிமம் பெற்ற பண்ணையிலிருந்து ரசீதும், தோலுக்கடியில் சிப்புமாக வரும்.

அடல்ஜீசா பூட்டு வைத்தார். ஆனால் இரண்டு நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சூடு, நகரும் கண்ணாடிக் கதவு, காற்றுத் துளை எல்லாம் அவர் அறிந்தவை. பிறகு வால்டெமிரைக் கூப்பிட்டு, பாம்பு எந்நேரமும் சூட்டில்தான் இருக்குமா என்று கேட்டார். இல்லை, சூடு போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்குப் போய்விடும் என்றார் வால்டெமிர்.

"அப்ப இதுல எங்க போகும்? இது பலகாரப் பெட்டி. மூலைக்கு மூலை ஒரே சூடா இருக்கணும்னுதானே கஷ்டப்பட்டுச் செஞ்சோம்!"

பாம்புப் பெட்டி ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதை அவர் அன்றே பிடித்துவிட்டார். ஒரு முனை முப்பத்திரண்டு டிகிரி, மறுமுனை இருபத்தாறு. பெட்டி குட்டையாக இருந்தால் இரண்டு முனையும் ஒன்றாகிவிடும், பாம்பு வெந்துகொண்டே கிடக்கும். அந்தப் பழைய பெட்டியைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தார். அளவுக்கு வால்டெமிர் கொடுத்தது, கையிலிருந்த ஓர் உரித்த தோல். வழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் தொடர்ந்ததற்குக் காரணம் வேறு. அடல்ஜீசாவுக்குப் பாம்பு என்றால் பயம். சிறுவயதில் கடித்தது, துரத்தியது என்றெல்லாம் கதை எதுவும் இல்லை. பயம், அவ்வளவுதான். இதை அறிந்தவர் அவர் கணவர் ஓடயிர் ஒருவர்தான். அவருக்கும் பயம் என்பதால் வெளியே சொல்லவில்லை.

இந்த ஆண்டு ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம், எடிவானியா என்ற பெண் வந்தாள். பல்செட்டு செய்யும் ஒரு சிறு கூடத்தில் வேலை. ஒரு கையில் ரொட்டிப் பை, மறு கையில் இடுப்போடு அணைத்த, முகவாய்வரை உயர்ந்த அழுக்குத்துணிக் கூடை, அதன் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அடல்ஜீசா ரொட்டிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பேர் என்ன?"

"எடிவானியா."

"உன் பேர் இல்ல மகளே, பாம்போட பேர்."

"வெண்டைக்காய். சின்னதுல அப்படித்தான் இருந்தான். பச்சையும் பழுப்புமா, விரல் தண்டிக்கு."

எடிவானியாவின் நிலைமை இது. குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். சனிக்கிழமை புது வீட்டுக்குப் போகிறாள்: நான்காவது மாடி, மொத்தமே முப்பத்தெட்டுச் சதுர மீட்டர். வெண்டைக்காய் ஆறு ஆண்டுகளாக இருப்பது ஒன்றேகால் மீட்டர் கண்ணாடித் தொட்டியில். இப்போது அதற்குள் மடிந்து மடிந்துதான் படுக்கிறான். மூடியின் கம்பிவலையில் மூக்கை உரசி உரசிப் புண்ணாக்கிக்கொண்டான். நேராக நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் வளர்க்காதே என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். பாம்பை விற்ற பண்ணைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அவருடைய வண்டி வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறது. அன்று மதியத்துக்குள் ஆமா, இல்லை சொல்லியாக வேண்டும்.

"புது வீட்டுல சன்னலும் கதவும் இல்லாத சுவர் ஒண்ணே ஒண்ணுதான் தோனா. ரெண்டு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதுக்குள்ள அடங்குச்சுன்னா இருப்பான். இல்லன்னா…" முடிக்காமல் கூடையைப் பார்த்தாள்.

அடல்ஜீசா தோலை நனைத்து, நீட்டி, மூக்கைப் பூஜ்யத்தில் வைத்தார். வால்நுனி வரை விரலால் நீவினார். பென்சில் கோடு போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு முப்பத்தெட்டு."

எடிவானியா மேசைமேல் கையூன்றினாள். "இருக்காது."

"நாடா இங்கதான் இருக்கு, நீயே பாரு."

"கொஞ்சம் குறைச்சுப் பண்ண முடியாதா? மூலையில திருப்பி, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை?"

"மடக்கி வைக்கிறதுக்கு அவன் என்ன தச்சன் அளவுகோலா? நேரா படுக்கணும்னு டாக்டரே சொல்லிட்டாருங்கிற. அப்புறம் நான் மூலையில திருப்பினா அது பெட்டியா?"

"டாக்டர் வேற அளவுல்ல சொன்னாரு!" எடிவானியா கைப்பையைக் கொட்டினாள். சாவி, மிட்டாய்த் தாள், பஸ் அட்டை, கடைசியில் நான்காக மடித்த ஒரு காகிதம். ஏப்ரல் மாதத்துப் பரிசோதனை. எடை நான்கு கிலோ எழுநூறு. நீளம் ஒரு மீட்டர் தொண்ணூற்றாறு.

"ஏப்ரல்ல ஒண்ணு தொண்ணூத்தாறு, ஜூன்ல ரெண்டு முப்பத்தெட்டா? ரெண்டு மாசத்துல நாப்பது சென்டிமீட்டரா வளந்தான்?"

"டாக்டர் தப்பா அளந்திருப்பாரு."

"தோல் தப்பா இருந்தா?"

"தோல் எப்படித் தப்பா இருக்கும்? அவன் போட்டிருந்த சட்டை!"

பட்டறையை ஒட்டிய சமையலறைச் சன்னலிலிருந்து ஓடயிர் குரல் கொடுத்தார். "என் காலுறையும் நான் போட்டிருந்ததுதான் ஜீசா. கழட்டினா முழங்கால் வரைக்கும் இழுபடுது."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. காபி வேணுமான்னு கேக்க வந்தேன்."

ஆனால் அடல்ஜீசா தோலைக் குனிந்து பார்த்தார். பதினோரு ஆண்டுகளாகப் பார்க்கிற தோல்தான். செதில்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு. ஒரு செதிலுக்கும் அடுத்ததற்கும் இடையே அரிசி அளவு இடைவெளி. விரலால் இரண்டு செதிலைச் சேர்த்துப் பார்த்தார், சவ்வு மடிந்து உள்ளே போனது. விட்டார், விரிந்தது. மறுபடி சேர்த்தார்.

"கூடையில இருக்கிறவனுக்கு இந்த இடைவெளி உண்டா?"

"பாருங்களேன்."

"நீ பாத்துச் சொல்லு."

எடிவானியா நிமிர்ந்தாள். "தோனா, உங்களுக்குப் பாம்புன்னா பயமா?"

சன்னலில் ஓடயிர் சிரிப்பை அடக்க முயன்று இருமினார்.

"பயமெல்லாம் இல்ல. பழக்கம் இல்ல," என்றார் அடல்ஜீசா. பிறகு, மேசையைப் பார்த்தபடியே, "பயம்தான்," என்றார்.

தீர்வு ஒன்றுதான், அது மூவருக்கும் தெரிந்தது. பாம்பை அதே மேசையில் போட்டு அளக்க வேண்டும். ஆனால் ஓர் ஆள் போதாது. பாம்பு நேர்கோட்டில் கிடக்காது. தலைப்பக்கத்தை ஒருவர் இரு கையால் தாங்கி, மேசையின் பின்பலகை ஓரமாக மெதுவாக ஊர விட வேண்டும். இன்னொருவர் முதுகின் மேலேயே நூலை வைத்துக்கொண்டே போய், சுருட்டிக்கொள்ளும் வாலைப் பிரித்துப் பிடிக்க வேண்டும்.

"ஓடயிர்! வந்து வாலைப் பிடி."

சமையலறைக் கதவு தாழிடப்படும் ஓசை கேட்டது.

"முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த லட்சணம் இது," என்றார் அடல்ஜீசா. வெள்ளைப் பருத்தி நூல்கண்டை எடுத்தார். வேலைக் கையுறையை மாட்டினார், கழற்றினார், ஏப்ரனில் கையைத் துடைத்தார். "எடு வெளிய."

வெண்டைக்காய் கூடையிலிருந்து வந்த விதத்தில் அவசரமே இல்லை. முன்கை தடிமன். வாலருகே செங்கல் நிறப் பட்டைகள். மூக்கு நுனியில் சின்னச் சிவந்த புண். மேசையின் ஓரப்பலகையைக் கண்டதும் தானாகவே அதை ஒட்டிக்கொண்டு ஊர்ந்தான். நாக்கு அளவுநாடாவின் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

அடல்ஜீசா நூலின் முனையை மூக்குக்கு நேராக ஓர் ஆணியில் மாட்டி, முதுகெலும்பின் மேல் வைத்துக்கொண்டே நகர்ந்தார். முதல் அரை மீட்டரில் விரல் உடம்பில் படாமல் நூலை மட்டும் வைத்தார். வளைவு வந்ததும் நூல் சரிந்தது. வேறு வழியில்லை, விரலால் அழுத்தினார்.

"ஈரமே இல்ல!" அதட்டுவதுபோல் சொன்னார். "எல்லாரும் வழுவழுன்னு இருக்கும்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"தொடாதவங்க."

வால் சுருண்டிருந்தது. அவர் பிரித்தார். அது அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது. அவர் அசையாமல் நின்றார்.

"இறுக்குறான்."

"பிடிமானம் தேடுறான் தோனா. விழுந்துடுவோமோன்னு அவனுக்கும் பயம்."

"இத்தனை வருஷம் சட்டையை மட்டும்தானே பாத்தேன்," என்றார் அடல்ஜீசா மெல்ல. "உள்ள ஆள் இருக்கான்."

நூலை மூன்று முறை வைத்து அளந்தார்கள். ஒன்று தொண்ணூற்றாறு. ஒன்று தொண்ணூற்றெட்டு. ஒன்று தொண்ணூற்றேழு. தோலின் பென்சில் கோடு நாற்பத்தொரு சென்டிமீட்டர் தள்ளி நின்றது. உரிக்கும்போது செதில்களுக்கு இடையே மடிந்திருக்கிற சவ்வெல்லாம் விரிந்து தோல் நீள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு.

எடிவானியாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடங்கும் தோனா! ரெண்டு பன்னிரண்டுல ஒண்ணு தொண்ணூத்தேழு அடங்கும்!"

அடல்ஜீசா சுவரலமாரியின் இழுப்பறைகளைத் திறந்தார். அளந்து முடித்த தோல்களைத் தையல்காரரின் காகித வெட்டுகள்போலப் பெயரும் தேதியும் எழுதி அவர் பத்திரப்படுத்தியிருந்தார்.

"அறுபத்து நாலு. எல்லாமே தோல் அளவு. அறுபத்து நாலு பேரை ஏமாத்தியிருக்கேன்."

"யாரு ஏமாந்தா? பாம்பா?" என்றாள் எடிவானியா.

அவர் தொலைபேசியில் வால்டெமிரைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"உன் பாம்பு நேரா படுத்தா பெட்டியில மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"என்ன தோனா திடீர்னு? ஒரு கை நீளம் இருக்கும்."

"பதினோரு வருஷமாவா? ஏன் சொல்லல?"

"பாம்பு ஒண்ணும் சொல்லலியே. நல்லா ஊர்றான், ஏறுறான், தின்னுறான். அதுக்குத்தானே எல்லாரும் உங்ககிட்ட வர்றாங்க?"

தொலைபேசியை வைத்தபின் அவர் மேசை நாடாவில் ஒரு கை நீளத்தை அளந்து பார்த்தார். எடிவானியாவின் முகம் மாறத் தொடங்கியது. புரிந்துவிட்டது அவளுக்கு. பாம்பு அடங்கும் என்பது சரி. ஆனால் அடல்ஜீசாவின் பெட்டிகள் பேர் வாங்கியது பாம்பு அடங்கியதால் இல்லையே, ஒரு கை நீளம் மிஞ்சியதால்தானே. இந்தச் சுவரில் பலகைக் கனம் போனால் உள்ளே இரண்டு மீட்டர் ஏழு. மிச்சம் பத்து சென்டிமீட்டர்.

"தோனா, முடியாதுன்னு சொல்லிடாதீங்க."

"இன்னும் வளருவானா?"

"ஆண். ஆறு வயசு. போன வருஷம் மூணு சென்டிமீட்டர்தான்னு டாக்டர் சொன்னாரு."

"அந்தச் சுவருக்கு முன்னாடி என்ன போடப் போற?"

"சோபா."

"சோபா எவ்வளவு அகலம்?"

"எண்பது இருக்கும்."

அடல்ஜீசா சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தார். வழக்கமாக அவர் பெட்டி அறுபது சென்டிமீட்டர் ஆழம். இப்போது எண்பது போட்டார். மூலைக்கு மூலை குறுக்காக நாடாவைப் பிடித்தார்: இரண்டு மீட்டர் இருபதுக்கும் கொஞ்சம் அதிகம். உயரம் எழுபது. அதில் கொய்யாக் கிளை ஒன்று சாய்வாக, கீழிருந்து மேல் மூலைக்கு. சூடு இடது முனை மேலே. வலது முனையில் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு முனையிலும் அவன் உடம்பைச் சுருட்டினால் இடிக்கிற அளவுக்கு ஒரு சின்ன மறைவுக் குகை.

"இவ்வளவு பெருசு குடுத்துட்டு உள்ள எதுக்குச் சின்னக் குகை?" சன்னலிலிருந்து ஓடயிர் கேட்டார். பாம்பு கூடைக்குள் போய்விட்டதை உறுதிசெய்துகொண்டு அவர் மீண்டும் தோன்றியிருந்தார்.

"ஊரே உன்னுதுன்னாலும் தாழ் போட்டுக்க ஒரு சமையல்கட்டு வேணும்ல?" என்றார் அடல்ஜீசா. ஓடயிரின் தலை மறைந்தது.

எடிவானியா சுண்ணக்கோட்டுக்குள் நின்று பார்த்தாள். "ஆனா இது சோபா இடம் முழுக்கப் போகுதே. உக்கார்றது?"

"தரையில உக்காரு. அவனும் தரையிலதான் இருக்கான்."

அவள் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துப் பண்ணைக்காரரை அழைத்தாள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வண்டி வர வேண்டாம், வெண்டைக்காய் எங்கேயும் வரவில்லை என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "ரெண்டு பத்து, ஆழம் எண்பது," என்று பதில் சொன்னாள். "இல்ல, தோல் அளவு இல்ல. ஆளை அளந்தாச்சு." சோபாவை வாங்கிக்கொள்ள யாருமில்லாததால், கார் கண்ணாடி மாற்றுகிற எதிர்க்கடையில் காத்திருப்போர் உட்காரட்டும் என்று கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை என்பது தெரிந்தது. பலகை பலகையாக நான்கு மாடி ஏற்றி, மேலே வைத்துப் பூட்டினார்கள். சுவர் முடிகிற இடத்துக் கதவுச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் மிஞ்சியது. சூடு ஏறும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் அடல்ஜீசா கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். பாம்பு உள்ளே போவதை அறுபத்து நான்கு பெட்டிகளில் ஒன்றிலும் பார்த்ததில்லை.

இந்த முறை கருவிப்பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

வெண்டைக்காய் உள்ளே இறங்கினான். முதலில் சுவரோரமாக முழுச் சுற்று. கம்பிவலை எதுவும் மூக்கில் தட்டவில்லை. காற்றுத் துளைகள் பின்பலகையில், வட்டமாக, வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தன. குகைகள் இரண்டுக்குள்ளும் தலையை விட்டு எடுத்தான். கொய்யாக் கிளையில் பாதி ஏறி, யோசனை மாறி இறங்கினான். சூடான முனையில் கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தான். பிறகு முன்கண்ணாடியை ஒட்டி ஊரத் தொடங்கினான். தலை வலது முனைத் தண்ணீர்த் தொட்டியை நெருங்கியபோது வால் இடது முனையிலிருந்து அப்போதுதான் அவிழ்ந்துகொண்டிருந்தது. வளைவில்லாமல், நேராக, அப்படியே நின்றான்.

எடிவானியா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆறு வருஷத்துல இப்பதான் இவன் முழுசா எவ்வளவுன்னு பாக்குறேன்."

அடல்ஜீசா கண்ணாடிக்கு ஒரு சாண் தூரம்வரை நகர்ந்துவிட்டார்.

"இப்ப ஏன் நின்னுட்டான்?"

"தெரியல தோனா."

"சூடு போதும்னுதானா? இல்ல தண்ணி வாசமா? பாரு, வால் நுனியை மட்டும் ஆட்டுறான். அது எதுக்கு? தூங்குறப்ப கண்ணை மூட மாட்டானாமே, அப்ப தூங்குறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தோனா, உங்க கடைசி பஸ் ஆறு மணிக்கு."

"ஓடயிரை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லலாம். கீழயே நிக்கட்டும்," என்றார் அடல்ஜீசா, கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல். "மறுபடி கிளம்புறான், பாரு. இந்தத் தடவ கிளையில முழுசா ஏறுறானான்னு பாத்துட்டுப் போறேன்."